கொண்டைக்குப் பூசின சிவப்பு

எங்க வீட்டுக்காரர் எடுத்த போட்டோவுல யாருக்கும் கண்ணுக்குக் கீழ கருவளையம் கிடையாது. பரு கிடையாது, தழும்பு கிடையாது, சவரம் பண்ண மறந்த தாடை கிடையாது. விடிய விடிய கண்முழிச்சு வேலை பார்த்துட்டு நேரா வர்ற வாட்ச்மேன்கூட, அவர் எடுத்த படத்துல ஒரு மாசம் லீவு போட்டுட்டு வந்த மாதிரி பளிச்சுனு இருப்பார். அதனாலதான் அவருக்கு 'டச்சப்'னு பேர் வந்துச்சு. கடை போர்டுல வேற என்னமோ எழுதியிருக்கு, அதை யார் படிக்கிறாங்க? டச்சப் கடை எங்கன்னு கேட்டாதான் வழி சொல்லுவாங்க.

கீழ ஸ்டுடியோ, மேல வீடு, பின்னாடி கொஞ்சம் காலி இடம். அவர் படம் எடுப்பார், அப்புறம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து துடைச்சு மெழுகி அழகாக்குவார். நான் பிரிண்ட் போட்டு, வெட்டி, கவர்ல போட்டுக் குடுப்பேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதுதான் ஏற்பாடு. சண்டை போடுற டிபார்ட்மென்ட்டும் என்னோடதுதான். பின்ன என்ன, ஒரு பாஸ்போர்ட் போட்டோவுக்கு அரை மணி நேரம் உக்காந்து காதோரம் நீட்டிட்டு இருக்கிற முடியை ஒவ்வொண்ணா சரிபண்ணிட்டு இருந்தா, வெளிய கடிகாரத்தைப் பார்த்துட்டு நிக்கிற ஆளுக்கு யார் பதில் சொல்றது? கத்துவேன். அவர் காதுல போட்டுக்கவே மாட்டார். "நம்மளை நம்பி மூஞ்சியைக் குடுத்துட்டு உக்கார்றாங்க. அதை அப்படியே திருப்பிக் குடுத்தா நாம எதுக்கு?"ம்பார். இந்த மனுஷன்கிட்ட என்னத்தைப் பேசுறது?

இவர்கிட்ட ஒரு கோழி வந்து சேர்ந்ததே தனிக்கூத்து. நாலு கடை தள்ளி முட்டை மொத்த வியாபாரம் பண்ற ஒருத்தர் இருக்கார். கடைக்குப் புது போர்டு வைக்கணும், அதுல கோழி படம் வேணும், அதுவும் நெட்ல எடுத்த கோழி கூடாது, தன்னோட முட்டை போட்ட கோழியே இருக்கணும்னு ஒரே பிடிவாதம். ஒருநாள் பண்ணையிலேர்ந்து ஒரு பழுப்புக் கோழியை அட்டைப்பெட்டில போட்டுக் கொண்டுவந்து ஸ்டுடியோ நடுவுல திறந்து விட்டுட்டார். அது லைட் ஸ்டாண்டு மேல ஏறுச்சு, லைட்டுக்கு வச்ச குடைக்குள்ள புகுந்துச்சு, வெள்ளைத் திரையில பண்ணக்கூடாத காரியம் எல்லாம் பண்ணிச்சு. அன்னிக்கு முழுக்கக் கடை ஓடல. சாயங்காலம் ஒரே ஒரு நொடி, என்ன நினைச்சுதோ, கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துச்சு. கிளிக். அவ்வளவுதான், எங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார்.

அந்தப் படத்தை எத்தனை நாள் உக்காந்து இழைச்சார்னு கேக்காதீங்க. இறகு இறகா மெருகேத்தி, கொண்டைக்கு லிப்ஸ்டிக் போட்ட மாதிரி ஒரு சிவப்புப் பூசினார். போர்டு மேல ஏறினப்போ கோழி ஆள் உயரத்துக்கு நின்னுச்சு. முட்டைக்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பார்த்துட்டு வந்தார், பெருமை பிடிபடல. போற போக்குல இன்னொண்ணும் சொன்னார். அந்தக் கோழிக்கு முட்டை போடுற வயசு முடியப்போகுது, அடுத்த வாரம் கறிக்குப் போயிடும்னார். எங்க வீட்டுக்காரர் முகம் செத்துப்போச்சு. என் ஸ்டுடியோவுல போஸ் குடுத்த பொண்ணை எப்படி அனுப்புறதுன்னு அவர் வாதம். கடைசில போட்டோவுக்குக் கூலியா கோழியையே வாங்கிட்டு வந்து நிக்கிறார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பேரும் வச்சுட்டார்: மாடல்.

மாடல்னா தனியா இருக்கலாமா? கதாநாயகின்னா கூட ரெண்டு தோழிங்க வேணுமே. அவளுக்குத் துணையா இன்னும் ரெண்டு கோழி வந்துச்சு. அதுங்களுக்குப் பேரே தோழிங்கதான், எது பெரியவ எது சின்னவன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குக் குழப்பம். மூணு பேருக்கும் வீடு கட்டணுமேன்னு யோசிச்சவர், கஸ்டமருங்க ஆர்டர் குடுத்துட்டு வாங்க வராத பழைய மர பிரேம் எல்லாத்தையும் பரண்லேர்ந்து இறக்கினார். பூ வேலை, கொடி வேலை, மூலையில தேவதைத் தலை எல்லாம் செதுக்கின பிரேமுங்க. அதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து அடிச்சு ஒரு கூண்டு. ராஜா வீட்டுப் பல்லக்கு மாதிரி இருந்துச்சு. சந்து பொந்துக்குக் குறைச்சலே இல்ல, விரல் வைக்கிற இடமெல்லாம் ஒரு இடுக்கு. இதை எப்படிக் கழுவுறதுன்னு கேட்டேன். நீ அழகைப் பாருன்னார்.

ஒரு வருஷம் கிட்ட நல்லாத்தான் போச்சு. ஒரே ஒரு குறை, மாடலுக்கு அவரைக் கண்டா ஆகாது. தீனி குடுத்தா வருவா, தின்னுவா, விரலையும் சேர்த்து ஒரு கொத்து கொத்திட்டு ஓடிடுவா. இவருக்கோ அவளை மடியில உக்காரவச்சு ஒரு படம் எடுத்துடணும்னு ஆசை. தினமும் பின்வாசல் படியில உக்காந்து காமிராவை ஸ்டாண்டுல மாட்டி வச்சுட்டு, மடியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுவார். நான் ஜன்னல் வழியா பார்த்து, என்னை ஒருநாளாவது இப்படிக் கூப்பிட்டது உண்டான்னு கேட்டுக் கிண்டல் பண்ணுவேன். அசடு வழிவார், ஆனா விட மாட்டார்.

அப்படியிருக்க ஒருநாள் மாடல் மடியில வந்து உக்காந்தா. கொத்தல, ஓடல. இறகை உப்பிக்கிட்டு, குண்டா, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு அப்படியே இருந்தா. இவருக்கு உச்சி குளிர்ந்து போச்சு. அன்னிலேர்ந்து அதே வேலை. சாயங்காலம் ஆனா தோழிங்க ரெண்டு பேரும் வேற வழியில்லாம கூண்டுக்குள்ள போகும், இவ மட்டும் போக மாட்டா. வாசல்லயே நின்னு முரண்டு பிடிப்பா. "பாரேன், என்னை விட்டுட்டுப் போக மனசு வரல அவளுக்கு"ன்னு சொல்லிக்கிட்டே, கன்னத்துல ஒட்டிவச்சுக் கொஞ்சி, அவரே தூக்கிட்டுப் போய் உள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டு வருவார். இந்த ஒரு விஷயத்தை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. அவரால இதை இன்னிக்கும் மறக்க முடியல.

அந்த சமயத்துல எனக்கும் வாய் கொஞ்சம் அடங்கித்தான் கிடந்துச்சு. மாடிப்படி ஏறினா நடுவுல ஒரு படியில உக்காந்துட்டுதான் மிச்சத்தை ஏற முடிஞ்சுது. முட்டி தேஞ்சுபோச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன். அவர் அரை மணி நேரம் ஒரே போட்டோவைப் பார்த்துட்டு உக்காந்தாலும் கத்துறதுக்குப் பதிலா பேசாம சுவத்துல சாஞ்சுட்டு நிப்பேன். நம்ம வீட்ல இப்போ எல்லாருக்கும் ஒரு நிதானம் வந்துடுச்சுன்னு என்னையும் கோழியையும் ஒரே மூச்சுல பாராட்டினார். என்னைக் கோழியோட சேர்த்ததுக்கு நல்லா நாலு குடுக்கணும்னு தோணுச்சு. அலுப்பா இருந்துச்சு, விட்டுட்டேன்.

ஆனா எனக்கு ஒரு சந்தேகம். மாடல் தீனியைக் கிண்டுறாளே தவிர தின்னுற மாதிரி தெரியல. முட்டையும் நின்னு போச்சு. கொண்டை வெளுத்துட்டே வருதுன்னு அவர்கிட்ட சொன்னேன். அதெல்லாம் பின்வாசல் வெளிச்சத்துக் கோளாறு, நிழல்ல நீலம் தூக்கலா இருக்கும், சிவப்பு செத்துக் காட்டும்னு எனக்கே பாடம் எடுத்தார். கம்ப்யூட்டர்ல படத்தைத் திறந்து காட்டினார். கொண்டை செக்கச்செவேல்னு இருந்துச்சு. எங்க வீட்ல கண்ணு ஒண்ணு சொல்லி, படம் ஒண்ணு சொன்னா, படம்தான் ஜெயிக்கும்.

ஆனாலும் நான் நச்சரிச்சதுல ஒருநாள் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டரம்மா வெளியூர்ல ஏதோ பயிற்சியில இருந்தாங்க. சோர்வா இருக்கா, எச்சம் எப்படி இருக்கு, மூச்சு வாங்குதா, தும்மல் இருக்கா, எல்லாம் பொறுமையா கேட்டாங்க. கடைசியா, கொண்டையோட நிறம் தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க, கடைசியா போட்ட முட்டையோட படம் ஏதாவது இருந்தா அதையும் அனுப்புங்கன்னாங்க. போட்டோன்னு யார்கிட்ட கேக்குறாங்க! மனுஷன் கடையை மூடிட்டு உக்காந்துட்டார். டாக்டரம்மா பார்த்துட்டு, கொண்டை நல்லா இருக்கு, ரத்தக் குறைச்சல் தெரியல, வயசான கோழி, இறகு மாத்துற நேரமா இருக்கலாம், வைட்டமின் குடுங்க, ஆனா தலையைத் தொங்கப் போட்டா உடனே நேர்ல கொண்டு வாங்கன்னாங்க. தான் ஊர் திரும்பின உடனே எப்படியும் ஒரு தடவை பார்க்கணும்னும் சொன்னாங்க. இவருக்கு அந்த 'நல்லா இருக்கு' மட்டும்தான் காதுல விழுந்துச்சு.

ஒரு வாரம் வைட்டமின் ஓடுச்சு. அதுக்கப்புறம் ஒரு காலையில கூண்டைத் திறந்தா, தோழிங்க ரெண்டும் வெளிய வந்துச்சு, மாடல் வரல. மூலையில தரையோட தரையா கிடந்தா. தூக்கினா தலை துவண்டு அவர் முழங்கை மேல விழுந்துச்சு. அவருக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான்தான் போட்டோ பேப்பர் வந்த பெட்டியைக் காலி பண்ணி, துண்டை விரிச்சு அவளைப் படுக்க வச்சேன். கடைக்கதவைப் பூட்டிட்டுத் திரும்பினா, எதிர்ல முட்டைக்காரர் வர்றார். பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்தார். பாவம், நல்ல மனுஷன்தான், ஆறுதலாத்தான் சொன்னார். "விடுங்கண்ணே, நாளைக்கே வேற ஒண்ணு கொண்டுவந்து தரேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

எங்க வீட்டுக்காரர் யார்கிட்டயும் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்ல. அன்னிக்குத்தான் பார்த்தேன். "எல்லாம் ஒரே மாதிரின்னா பாஸ்போர்ட்டுல எதுக்குய்யா போட்டோ ஒட்டுறாங்க?"ன்னார். முட்டைக்காரர் ஒதுங்கி வழி விட்டார். நாங்க ஆட்டோ பிடிச்சோம். வழி முழுக்க இவர் பெட்டிக்குள்ள கையை விட்டு அவ நெஞ்சு மேல வச்சுக்கிட்டே வந்தார். மூச்சு இருக்கு, மூச்சு இருக்குன்னு எனக்கு இல்ல, தனக்கே சொல்லிக்கிட்டார்.

டாக்டரம்மா அன்னிக்குத்தான் ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. அவங்க க்ளினிக்குல நாயும் பூனையும்தான் வரிசையில உக்காந்திருந்துச்சு, எங்களை முதல்ல உள்ள கூப்பிட்டாங்க. மேஜை மேல மாடலை வச்சு, அலகைத் திறந்து உள்ள பார்த்தாங்க, கண்ணோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க. ரெண்டு இடமும் காகிதம் மாதிரி வெளுத்திருந்துச்சு. அப்புறம் இறகுக்குள்ள விரலை விட்டு நெஞ்சைத் தடவினாங்க. என் கையைப் பிடிச்சு அங்க வச்சுத் தொட்டுப் பாருங்கன்னாங்க. எலும்பு கத்தியா துருத்திக்கிட்டு இருந்துச்சு. சதையே இல்ல. நாங்க குண்டாயிட்டான்னு நினைச்சோமே, அது வெறும் இறகு. உடம்பு முடியாத கோழி குளிர் தாங்காம உப்பிக்கும், பார்க்கறவங்களுக்குக் கொழுகொழுன்னு தெரியும்னு சொன்னாங்க. கோழி தனக்கு முடியலன்னு லேசுல காட்டிக்காது, காட்டினா கூட இருக்கிறதே கொத்தும், அதனால நமக்குத் தெரியறப்போ நோய் முக்கால்வாசி முத்தியிருக்கும்னும் சொன்னாங்க.

அப்புறம் போனை எடுத்து இவர் அனுப்பின படத்தைப் பார்த்தாங்க. மேஜையைப் பார்த்தாங்க. மறுபடி படத்தைப் பார்த்தாங்க.

"இது இந்தக் கோழிதானா சார்?"

"இதேதான். கொஞ்சம்... டச்சப் பண்ணியிருக்கேன்."

டாக்டரம்மா கோபப்படல. கோபப்பட்டிருந்தாகூட நல்லா இருந்திருக்கும். "அப்போ நான் அன்னிக்குப் பார்த்தது உங்க கோழியை இல்ல சார். உங்க வேலையை"ன்னாங்க.

துடைக்காத படம் இருக்கான்னு கேட்டாங்க. காமிரா அவர் கழுத்துலயேதான் தொங்கிட்டு இருந்துச்சு, அதை எங்கயும் கழட்ட மாட்டார். ஒவ்வொண்ணா தள்ளிக் காட்டினார். அடேயப்பா! வரிசையா பார்த்தா ஒரு குழந்தைக்கும் புரிஞ்சிருக்கும். கொண்டை முதல்ல சிவப்பு, அப்புறம் ரோஸ், அப்புறம் வெளிறின ரோஸ், கடைசில சுண்ணாம்பு. இவர் ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தைக் குறை சொல்லிட்டு, போன வாரத்துச் சிவப்பை எடுத்து இந்த வாரத்துக்குப் பூசியிருக்கார். நடுவுல ஒரு முட்டை படம் வந்துச்சு. டாக்டரம்மா அதைப் பெருசாக்கச் சொன்னாங்க. ஓட்டு மேல துரு நிறத்துல பொடிப்பொடியா புள்ளி இருந்துச்சு. என்னதுன்னு கேட்டாங்க.

"லென்ஸ்ல தூசி இருந்திருக்கும், நான் துடைச்சிடுவே..."ன்னு ஆரம்பிச்சவர் அப்படியே நிறுத்திட்டார். அடுத்த படத்துக்குத் தள்ளினார். புள்ளி வேற இடத்துல இருந்துச்சு. அதுக்கு அடுத்த படம், வேற இடம். காமிராவுல தூசின்னா எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல இருக்கும்னு என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பார்! தொழில் ஆரம்பிச்ச முதல் மாசமே படிச்ச பாடம். அதை வேற யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கல. முகத்துல ரத்தமே இல்ல, கோழிக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியல.

அப்புறம் டாக்டரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. சாயங்காலம் கூண்டுக்குள்ள போக மாட்டேன்னு அடம்பிடிச்சுதா? ஆமா, என்மேல ரொம்பப் பாசம், மடியை விட்டு இறங்கவே மாட்டான்னு இவர் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிடுச்சு.

"அது பாசமில்ல சார். ஓடுறதுக்குத் தெம்பில்ல. உள்ள போனா என்ன நடக்கும்னு அதுக்குத் தெரியும், அதான் போகல."

கூண்டு இடுக்குல ரத்தம் குடிக்கிற பூச்சி இருக்கும், உண்ணி ஜாதி, ஆனா கடுகைவிடச் சின்னது, பகல்ல மரச்சந்துல ஒளிஞ்சுட்டு இருட்டினதும் வந்து கோழி மேல ஏறும்னு விளக்கினாங்க. கோழி மேல தேடினா கிடைக்காது, வீட்டுக்குப் போய் கூண்டைப் பாருங்கன்னாங்க. முட்டை மேல இருந்த புள்ளி, நசுங்கின பூச்சியாம். ஊசி போட்டாங்க, குழாய் வழியா ஏதோ சத்துத் தண்ணி உள்ள விட்டாங்க, கழுத்துக்குப் பின்னாடி தோல்ல மருந்துச் சொட்டு வச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை வைக்கணும், பூச்சியோட முட்டை அதுக்குள்ள பொரிஞ்சிருக்கும், மத்த ரெண்டு கோழியும் வயசு குறைச்சல், அதான் இன்னும் தாங்குது, அதுங்களுக்கும் சேர்த்து மருந்து, நான் சொல்ற வரைக்கும் முட்டையைச் சாப்பிடாதீங்க, வீட்டுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைக் கோழி மேல மட்டும் அடிச்சுடாதீங்கன்னு வரிசையா சொன்னாங்க. பிழைக்குமான்னு இவர் கேட்டார். ரெண்டு மூணு நாள் தாண்டினா சொல்றேன், சூடா வச்சுக்கோங்க, வாக்குறுதி குடுக்க மாட்டேன்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாத்தல. நேரா கூண்டுக்குப் போய், ஒரு வெள்ளை போட்டோ பேப்பரைத் துண்டா கிழிச்சு, மாடல் உக்கார்ற கட்டைக்குப் பின்னாடி இருந்த பிரேம் இடுக்குல விட்டு இழுத்தார். பேப்பர்ல சாம்பல் பொடி மாதிரி என்னமோ ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பொடி நகர்ந்துச்சு. இவர் கட்டைவிரலால ஒரு தேய் தேய்ச்சார். செக்கச்செவேல்னு ஒரு கோடு. படத்துல கொண்டைக்குப் பூசுற அந்தச் சிவப்பு இருக்கே, அதேதான்.

"இது அவ ரத்தம்"னார். "வேணாம் வேணாம்னு நின்னா. நானே தூக்கிட்டுப் போய் உள்ள விட்டேன். தினமும்." படியில உக்காந்து குழந்தை மாதிரி அழுதார். நானும் போய்ப் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்.

அழுது முடிச்சதும் எழுந்தவர், அந்தப் பல்லக்கை அடிச்சு நொறுக்கினார். தேவதைத் தலை ஒரு பக்கம், பூங்கொடி ஒரு பக்கம். எல்லாத்தையும் அங்கயே போட்டுக் கொளுத்தினார். அதுக்குப் பதிலா ஒரு பழைய பிளாஸ்டிக் தண்ணித்தொட்டியைப் படுக்கப்போட்டு, வாசல் அறுத்து, உள்ள வழவழன்னு ஒரே ஒரு இரும்புக் கம்பி மாட்டினார். பார்க்க சகிக்கல. ஆனா ஒரு இடுக்கு கிடையாது, தண்ணி ஊத்தினா பளிச்சுனு கழுவிக்கிட்டு வந்துடும். தோழிங்க ரெண்டும் அன்னிக்கு ஒருத்தரும் சொல்லாமலே உள்ள போய்ப் படுத்துக்கிச்சு.

மாடலுக்கு ஸ்டுடியோவுலதான் ஆஸ்பத்திரி. பழைய குண்டு பல்பு லைட் ஒண்ணைத் தள்ளி வச்சு, பெட்டிக்கு இதமா சூடு காட்டினோம். சொட்டுச் சொட்டா தண்ணி, அவிச்ச முட்டையை மசிச்சுக் கொஞ்சம், டாக்டரம்மா குடுத்த மருந்து. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவங்க எல்லாம் காமிராவைப் பார்க்காம பெட்டியைப் பார்த்தாங்க, அந்த வாரம் எடுத்த படம் பாதிக்கு மேல கண்ணு கோணலாத்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரர் அதைக்கூட கவனிக்கல. காலையும் சாயங்காலமும் நிறம் ஒப்பிட்டுப் பார்க்க மாடல் பக்கத்துல ஒரு கலர் அட்டையைப் பிடிச்சு, உள்ளது உள்ளபடி படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்புவார். ஒரு புள்ளியைத் தொட மாட்டார். அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அவர் விரல் ஒரு நொடி துடிக்கும், நான் பார்த்திருக்கேன். அடக்கிக்குவார்.

ரெண்டாவது நாள் அவ கண்ணே திறக்கல. முட்டைக்காரர் வந்து பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்துட்டுப் போனார். மூணாவது நாள் தலையைத் தூக்கினா. அப்புறம் ஒருநாள் மசிச்ச முட்டையைத் தானா கொத்தினா. கொண்டையோட அடியில ஒரு கோடு ரோஸ் வந்துச்சு. அது நிஜமா, நமக்குத்தான் அப்படித் தெரியுதான்னு இவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், காமிராவைக் கேக்கல.

மாசம் ஒண்ணு ஓடினப்புறம் பின்வாசல்ல விட்டோம். இவர் பழையபடி படியில உக்காந்து மடியைத் தட்டினார். மாடல் வந்தா. நின்னு பார்த்தா. நறுக்குனு கட்டைவிரல்ல ஒரு கொத்து. ஒரே ஓட்டம், தோழிங்களையும் இடிச்சுத் தள்ளிட்டு வேலி வரைக்கும் ஓடினா. விரல்ல ரத்தம் கசிஞ்சுது. இவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார், கண்ணுல தண்ணியும் வருது. இனிமே மடிக்கு வர மாட்டாளேன்னு கேட்டேன். வரவே வேணாம்னார். ஓடினப்போ எடுத்த படம் ஒண்ணு, ஆடிப்போய், பழுப்பா ஒரு தீத்தல் மாதிரிதான் விழுந்திருந்துச்சு. அதைப் பெருசா பிரிண்ட் போடச் சொல்லி ஸ்டுடியோ சுவத்துல மாட்டியிருக்கார். படம் ஷேக் ஆயிருக்கேன்னு கஸ்டமருங்க கேட்டா, ஆமா, அவ நல்லா இருக்கா, அதான் ஓடிட்டாம்பார். அவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

கதை இதோட முடிஞ்சிருக்கணும். ஆனா அந்த வாரம் எனக்கு லைசென்ஸ் புதுப்பிக்க ஒரு போட்டோ வேண்டியிருந்துச்சு. ஸ்டூல்ல உக்காந்தேன், எடுத்தார், கம்ப்யூட்டர்ல ஏத்தினார். நான் வெட்டுற மிஷின் பக்கத்துல சாஞ்சு நின்னுட்டு இருந்தேன். ரொம்ப நேரம் மவுஸ் சத்தமே கேக்கல. என்னன்னு திரும்பிப் பார்த்தா, என் படத்தைப் பெருசாக்கி வச்சுட்டுப் பார்த்துட்டு உக்காந்திருக்கார். இத்தனை வருஷமா எனக்கும் கருவளையத்தைத் துடைச்சு, கன்னத்துக்குக் கொஞ்சம் கலர் ஏத்திக் குடுத்தவர்தான். அன்னிக்குக் கை வைக்கல. எழுந்து வந்தார். டாக்டரம்மா பண்ணின மாதிரியே கட்டைவிரலால என் கண்ணோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"நான் என்ன கோழியா?"ன்னேன்.

அவர் சிரிக்கல. "நீ என்னைத் திட்டி எத்தனை நாளாச்சு? அமைதி வந்துடுச்சுன்னு நினைச்சுட்டேன்"னார். அப்பவே கடையைப் பூட்டிட்டு என்னைக் கூட்டிட்டுப் போனார். ரத்தம் பார்த்தாங்க. இருக்க வேண்டியதுல பாதிதான் இருந்துச்சு. இந்த அளவை வச்சுக்கிட்டு எப்படிம்மா மாடி ஏறுனீங்கன்னு டாக்டர் கேட்டார். ஏன் ரத்தம் குறைஞ்சுதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு வைத்தியம், மாத்திரை, சாப்பாடு எல்லாம் நடந்துச்சு. முட்டிக்கு ஒரு கேடும் இல்லையாம்.

அதெல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாளாச்சு. நேத்து ஒரு பாஸ்போர்ட் போட்டோவுக்கு மறுபடியும் அரை மணி நேரம் உக்காந்துட்டார், வெளிய கஸ்டமர் கடிகாரத்தைப் பார்க்குறார். நான் மாடியிலேர்ந்து ஒரே மூச்சுல இறங்கி வந்து, உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா, கடை நடத்துறீங்களா கோயில் சிற்பம் செதுக்குறீங்களான்னு பிடிபிடின்னு பிடிச்சேன். கஸ்டமர் மிரண்டு போய் ரெண்டு அடி தள்ளி நின்னுட்டார். எங்க வீட்டுக்காரர் மவுஸைக் கீழ வச்சுட்டு, மெதுவா திரும்பி, என் முகத்தை நல்லா பார்த்தார்.

"கலர் வந்துடுச்சு"ன்னார்.